குறளா, ஸ்டோயிக்கா, புத்தரின் இல்லறப் போதனையா? கொழும்பில் இருந்து ஓர் ஒப்பீடு

எப்படி நன்றாக வாழ்வது என்று தேடுகிற ஒருவருக்குக் கொழும்பில் பதில்களுக்குப் பஞ்சமில்லை. போனைத் திறந்தால் ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸின் வரிகள் வந்து நிற்கின்றன. வீட்டு அலுமாரியில் தமிழ்த்தினப் போட்டியில் பரிசாகக் கிடைத்த திருக்குறள் இருக்கிறது. போயா நாளில் பக்கத்து விகாரையிலிருந்து பிரித் ஓதுவது கேட்கிறது. "எனக்கு இருக்கிற நேரத்தில் ஒன்றைத்தான் ஒழுங்காகப் படிக்கலாம், எதை எடுக்கட்டும்?" என்று வேலைக்குப் போகும் இளையவர்கள் கேட்கிறார்கள். "எல்லாம் ஒன்றைத்தான் சொல்கின்றன, எதையாவது எடு" என்று பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவை ஒன்றைச் சொல்லவில்லை. பெற்றோரை யார் பார்ப்பது, சம்பளத்தை எப்படிப் பிரிப்பது, விசா கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற இடங்களில் அவை வேறுவேறு பக்கம் கையைக் காட்டுகின்றன. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வாழ்க்கையும் கொஞ்சம் வேறு மாதிரி அமையும்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடும்பப் பொறுப்போடு கொழும்பில் வாழும் ஒரு தமிழருக்கு அடிப்படையாகத் திருக்குறள்தான் பொருந்தும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டால் சில இடங்களில் கை வெறுமையாக இருக்கும். அந்த இடங்களில் மற்றவர்களிடம் போகத்தான் வேண்டும்.

ஒப்பிட எடுத்தவை முக்கியமாக மூன்று. வள்ளுவர், ஸ்டோயிக் என்ற பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவ மரபின் ஆசிரியர்கள், புத்தர் இல்லறத்தாருக்குச் சொன்ன சூத்திரங்கள். கிரேக்கத் தத்துவ ஆசிரியர் எபிக்கூரஸையும் சிறிது பார்க்கலாம். பகவத்கீதையை இங்கே எடுக்கவில்லை. 700 சுலோகங்களில் அது எழுப்புகிற கேள்வி போர்க்களத்தில் பிறந்தது, அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். அரிஸ்டோட்டில் மிகவும் மதிப்புக்குரியவர். நட்புக்கென்றே தன் அறநூலில் இரண்டு பாகங்களை ஒதுக்கியவர், நல்ல வாழ்வுக்குக் கொஞ்சம் பொருளும் நல்ல சூழலும் வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னவர். ஆனால் பாடக்குறிப்புப் போல இறுகிய நடை. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு வருகிறவருக்கு முதல் நூலாக அதைக் கொடுக்க மாட்டேன்.

யாரோடு பேசுகிறார்கள்?

முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வொருவரும் யாரை எதிரே உட்கார வைத்துப் பேசுகிறார்கள் என்பதைத்தான்.

ஸ்டோயிக் மரபு கி.மு. 300 அளவில் ஏதென்ஸில் செனோ தொடங்கியது. நமக்கு இன்று முழுதாகக் கிடைப்பது பெரும்பாலும் ரோமானியர் காலத்து மூவரின் எழுத்து. செனெகா பெரும் பணக்காரர், நீரோ மன்னனுக்கு ஆசிரியராக இருந்து, அவனுடைய கட்டளையாலேயே கி.பி. 65இல் உயிர்விட்டவர். எபிக்டீட்டஸ் அடிமையாக இருந்தவர், கால் ஊனமானவர். தத்துவம் கற்பிப்பவர்களைப் பேரரசன் டொமிஷியன் ரோமிலிருந்து வெளியேற்றியபோது கிரேக்கத்தின் நிக்கோபோலிஸுக்குப் போய்ப் பள்ளி நடத்தினார். அவர் எதையும் எழுதவில்லை. மாணவர் அரியன் எழுதிவைத்த குறிப்புகளும் அவற்றிலிருந்து தொகுத்த ஒரு சிறு கைந்நூலுமே நம்மிடம் உள்ளன. மார்க்கஸ் ஒரேலியஸ் 161 முதல் 180 வரை பேரரசர். போரும் கொள்ளைநோயும் சூழ்ந்த காலத்தில் தனக்குத் தானே கிரேக்க மொழியில் எழுதிக்கொண்டவர்.

ஓர் அடிமையும் ஒரு பேரரசரும் ஒரே கொள்கையில் நின்றார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. இருவருக்கும் பொதுவாக மிஞ்சுவது ஒன்றுதான்: தன் மனம், தன் தீர்ப்பு. எபிக்டீட்டஸின் கைந்நூல் தொடங்குவதே அங்கேதான். சில நம் கையில் இருக்கின்றன, சில இல்லை. நம் கருத்து, விருப்பு, வெறுப்பு, முயற்சி நம்முடையவை. உடம்பு, சொத்து, பெயர், பதவி நம் கையில் இல்லை. உடம்பே தனக்குச் சொந்தமாக இல்லாதிருந்த ஒருவர் சொன்னது என்பதை நினைத்துப் படித்தால் அந்த வரியின் பாரம் தெரியும். ஆக, அவர்கள் பேசுவது தனியாக நிற்கும் மனிதரோடு.

புத்தரின் சிகாலோவாத சூத்திரம், அவருடைய நீண்ட உரைகளின் தொகுப்பான தீகநிகாயத்தின் 31ஆவது சூத்திரம், வேறு மாதிரித் தொடங்குகிறது. ராஜகிருகத்தில் சிகாலன் என்ற இளைஞன் காலையிலேயே குளித்து, ஈரத் துணியோடும் ஈரத் தலையோடும் ஆறு திசையையும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான். ஏன் என்று கேட்டால், அப்பா சாகும்போது சொல்லிவிட்டுப் போனார் என்கிறான். புத்தர் அவனுடைய கும்பிடுதலைத் தடுக்கவில்லை. திசைகளுக்கு ஆட்களை வைத்துவிடுகிறார். கிழக்கு தாய் தந்தை, தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழே வேலையாட்கள், மேலே துறவிகள். ஒவ்வொருவருக்கும் நீ செய்ய வேண்டியது என்ன, அவர்கள் உனக்குச் செய்ய வேண்டியது என்ன என்று ஐந்து ஐந்தாக, துறவிகளிடமிருந்து வருவதை மட்டும் ஆறாக, எண்ணிச் சொல்கிறார். பேசுவது வீடும் தொழிலும் உள்ள ஓர் இளைஞனோடு. இந்தப் பாளி நூல்கள் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்டது நம் தீவில், மாத்தளைப் பக்கத்து அலுவிகாரையில் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். தமிழர் வீடுகளில் இதை அடுத்த வீட்டாரின் சமய நூலாகப் பார்த்து ஒதுக்கிவைத்திருக்கிறோம். மணிமேகலை எழுதிய மொழிக்காரருக்கு அது தேவையில்லாத தூரம்.

வள்ளுவர் இன்னும் அகலமான கூட்டத்தை உட்கார வைக்கிறார். 133 அதிகாரம், 1330 குறள். அறத்துப்பாலில் 38, பொருட்பாலில் 70, காமத்துப்பாலில் 25. இல்லறத்தார், துறவி, அரசன், அமைச்சர், தூதர், உழவர், காதலர் என்று எல்லாரும் வந்துபோகிறார்கள். பாதிக்கு மேற்பட்ட அதிகாரங்கள் பொருளும் ஆட்சியும் பற்றியவை. பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது பெரும்பாலும் அறத்துப்பாலின் சில அதிகாரங்கள். அதனால் குறள் என்றால் நற்புத்தி சொல்லும் நூல் என்ற எண்ணம் பலருக்கு நின்றுவிட்டது. பொருட்பாலைத் திறந்து பார்த்தால் எச்சரிக்கையும் கணக்கும் உள்ள ஒரு மூளை தெரியும்.

பணம் என்று வந்தால்

கொழும்பில் ஒரு குடும்பத்தின் சம்பளம் மாதத்தின் முதல் வாரத்திலேயே பல பக்கமாகப் பிரிந்துவிடுகிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடி வாடகை, பிள்ளையின் டியூஷன், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் அம்மா அப்பாவுக்கு அனுப்புவது, சீட்டுக்காசு, அடைவு வைத்த நகைக்கு வட்டி. இந்த இடத்தில் மூன்று மரபும் என்ன உதவி செய்கின்றன?

புத்தர் இங்கே மிகவும் தெளிவாக இருக்கிறார். சிகாலனுக்குச் சொன்ன கணக்கு இது: வருமானத்தை நாலு பங்காக்கு. ஒன்றை அனுபவி, இரண்டைத் தொழிலில் போடு, நாலாவதைக் கஷ்டகாலத்துக்கு வை. அங்குத்தரநிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் தீகஜாணு என்ற இல்லறத்தானுக்குச் சொன்ன சூத்திரமும் இதே பக்கத்தில் நிற்கிறது. முயன்று உழை, உழைத்ததைக் காப்பாற்று, நல்லவரோடு சேர், வரவறிந்து வாழ். செல்வத்துக்கு அங்கே ஒரு குளத்தை உவமை காட்டுகிறார். நாலு வாய்க்கால் உள்ளே வருகின்றன, நாலு வெளியே போகின்றன. வரும் வாயை அடைத்துப் போகும் வாயைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறார். வள்ளுவரின் வலியறிதல் அதிகாரத்தில் இதன் நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது.

ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை
போகாறு அகலாக் கடை.

வரும் வழி சிறிதாக இருந்தாலும் கேடு இல்லை, போகும் வழி அகலாமல் இருந்தால் போதும். குளம் வெட்டி வாழ்ந்த மக்களுக்குப் பணத்தைப் பற்றிப் பேச நீர்தான் கிடைத்திருக்கிறது.

அனாதபிண்டிகன் என்ற வணிகருக்கு இல்லறத்தாரின் நாலு சுகங்களைப் புத்தர் சொல்கிறார். பொருள் இருப்பது, அதை அனுபவிப்பது, கடனில்லாமல் இருப்பது, பழியில்லாமல் இருப்பது. கடனில்லாமையை ஒரு சுகம் என்று தனியாக எண்ணி வைத்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். செட்டியார் தெருவில் வாங்கிய தாலிக்கொடியை இரண்டு மாதத்துக்கென்று அடைவு வைத்துவிட்டு, அது வருடமாகி வட்டி கட்டுகிறவர்களுக்கு இந்தச் சுகத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நாலாவது பங்கை எந்த வடிவில் வைப்பது என்று சூத்திரம் சொல்வதில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போனது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டி நின்றது. ஒழுங்காகச் சேமித்து வங்கியில் வைத்தவர்களின் நாலாவது பங்கு கண்முன்னே கரைந்தது. பழைய நூலிடம் இதற்குப் பதில் எதிர்பார்ப்பது நியாயமில்லைதான், ஆனாலும் அந்த எல்லை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வள்ளுவரின் பங்கீடு வேறு வகை. புத்தர் பணத்தை எதற்கு என்று பிரிக்கிறார். வள்ளுவர் யாருக்கு என்று பிரிக்கிறார்.

தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல் தானென்றாங்கு
ஐம்புலத்தாறு ஓம்பல் தலை.

முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்று ஐந்து. பரிமேலழகர் இதற்கு உரை எழுதும்போது, இந்த ஐந்துக்கும் ஐந்து கூறு வேண்டும் என்பதால்தான் அரசனுக்கு வரி ஆறில் ஒன்று ஆயிற்று என்று ஒரு கணக்குச் சொல்கிறார். இந்தக் குறளில் எனக்கு மிகவும் பிடித்தது, கடைசியில் தன்னையும் சேர்த்திருப்பது. சுற்றத்தாருக்கு அனுப்பி அனுப்பியே தனக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்காத மூத்த பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்களுக்கு வள்ளுவர், நீயும் ஓம்பப்பட வேண்டியவன் என்கிறார். அதேநேரம் சுற்றத்தை வெட்டிவிட்டுத் தன்னை மட்டும் பார்ப்பவருக்கும் இந்தக் குறளில் இடமில்லை. நம் மாதச் செலவு உண்மையில் பிரிகிற விதத்துக்கு இது நாலு பங்குக் கணக்கைவிட நெருக்கமானது.

ஸ்டோயிக்குகள் பணத்தை நன்மையிலும் சேர்க்காமல் தீமையிலும் சேர்க்காமல் நடுவில் வைக்கிறார்கள். இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. செனெகா தன் நண்பர் லூசிலியஸுக்கு ஒரு பயிற்சி சொல்கிறார்: சில நாள் மிக எளிய உணவையும் முரட்டு உடையையும் வைத்துக்கொண்டு இரு, பிறகு "நான் பயந்தது இதற்குத்தானா?" என்று உன்னையே கேள். பயத்தைக் குறைக்க இது நல்ல பயிற்சி. ஆனால் சொன்னவர் பெரும் செல்வர். எளிய உணவை விரும்பி எடுப்பதும், 2022இல் எரிவாயு இல்லாமல் விறகு தேடியதும் ஒரே அனுபவம் இல்லை. வள்ளுவர் நல்குரவு என்று ஓர் அதிகாரமே வைத்து, வறுமையைப் போலத் துன்பம் தருவது வறுமைதான் என்று சொன்னார். ஏழ்மையை அவர் அழகுபடுத்தவில்லை. அந்த நேர்மைக்காகவும் நான் அவர் பக்கம் நிற்கிறேன்.

ஆசை என்று வந்தால் எபிக்கூரஸைக் கேட்க வேண்டும். கி.மு. 341 முதல் 270 வரை வாழ்ந்தவர். ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு வாழ்ந்து கற்பித்தார், அங்கே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடம் இருந்தது. இன்பமே நோக்கம் என்று சொன்னதால் கெட்ட பெயர் வாங்கியவர், ஆனால் அவருடைய இன்பம் வலியில்லாத உடம்பும் கலக்கமில்லாத மனமும். ஆசைகளை மூன்றாக்கினார்: இயற்கையும் அவசியமுமானவை, இயற்கையானவை ஆனால் அவசியமில்லாதவை, இரண்டுமில்லாதவை. பசிக்கு உணவு முதல் வகை. விலை உயர்ந்த உணவு இரண்டாவது. புகழுக்கும் பதவிக்கும் அலைவது மூன்றாவது. நட்சத்திர ஹோட்டல் மண்டபத்தில் மகளின் கலியாணத்தை வைக்கக் கடன் வாங்கப் போகிறவர் ஒரு தாளில் இந்த மூன்று பிரிவையும் போட்டுப் பார்த்தால், செலவில் பெரும்பகுதி எங்கே விழுகிறது என்று தெரியும். அரசியலிலிருந்து ஒதுங்கி இரு என்பதும் அவருடைய அறிவுரைதான். அங்கே அவரை நான் பின்தொடர மாட்டேன். காரணம் கீழே வருகிறது.

வீட்டுக்குள்ளே

வெளிநாட்டுக்குப் போவதா, வயதான பெற்றோரோடு இங்கேயே இருப்பதா? கொழும்பில் இந்தக் கேள்வி இல்லாத தமிழ் வீடு குறைவு. ஸ்டோயிக்குகள் உறவை மதிக்காதவர்கள் என்று சொல்வது பிழை. எபிக்டீட்டஸ் கைந்நூலில் தெளிவாகச் சொல்கிறார்: கடமையை உறவைக் கொண்டு அளந்துகொள். அண்ணன் உனக்கு அநியாயம் செய்கிறானா? அவன் செய்வதைப் பார்க்காதே, தம்பியாக உன் இடத்தில் நீ எப்படி நிற்கிறாய் என்பதைப் பார். காணி வழக்கில் இருபது வருடம் பேசாமல் இருக்கும் சகோதரர்களுக்கு இதைவிட நல்ல வார்த்தை இல்லை. ஆனால் அந்த வார்த்தை அண்ணனிடம் எதையும் கேட்பதில்லை. முழுப் பாரமும் பொறுத்துப் போகிறவர் தலையில் விழுகிறது.

சிகாலோவாதம் இரண்டு பக்கத்தையும் பேச வைக்கிறது. பிள்ளைகள் பெற்றோரைத் தாங்க வேண்டும், அவர்கள் வேலையைச் செய்ய வேண்டும், குடும்பத்தைத் தொடர வேண்டும். பெற்றோர் பிள்ளைகளைத் தீமையிலிருந்து விலக்க வேண்டும், தொழில் கற்பிக்க வேண்டும், உரிய காலத்தில் சொத்தை ஒப்படைக்க வேண்டும். அந்த "உரிய காலத்தில்" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். கடைசிவரை காணி உறுதியை எழுதாமல் வைத்துவிட்டுப் பிள்ளைகளைச் சண்டைக்கு விடும் தகப்பன்மாருக்கு அது நேரே போகிறது. கணவனின் கடமைகளில் மனைவியை மதிப்பது, இழிவாகப் பேசாதது, துரோகம் செய்யாதது, வீட்டு அதிகாரத்தை அவளிடம் கொடுப்பது எல்லாம் வருகின்றன.

இங்கே குறள் பின்தங்குகிறது என்பதை மறைக்கக் கூடாது. கணவனைத் தொழும் மனைவியைப் போற்றும் வாழ்க்கைத் துணைநலம் அதிகாரமும், மனைவி சொல் கேட்டு நடப்பவனை இகழும் பெண்வழிச்சேறல் அதிகாரமும் இன்று வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கும் ஒரு பெண்ணின் கையில் கொடுக்கக் கூச்சமாக இருக்கும். அவற்றுக்குப் புதிய உரைகள் எழுதிச் சமாளிக்கிறார்கள். சமாளிக்காமல், அந்த இரண்டு அதிகாரத்தையும் அந்தக் காலத்தின் எல்லை என்று ஒப்புக்கொண்டு தாண்டிப் போவதுதான் வள்ளுவருக்கு மரியாதை என்று நினைக்கிறேன்.

வேலையாட்கள் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மலையகத்திலிருந்து வந்து கொழும்பு வீடுகளில் சமைத்து, துடைத்து, பிள்ளை பார்க்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். வேலையாளைக் கீழ்த்திசை என்று வைத்தாலும், சிகாலனை அந்தத் திசையையும் கும்பிடச் சொல்கிறார் புத்தர். அந்தக் கும்பிடு எப்படி என்றும் சொல்கிறார்: சக்திக்கு ஏற்ற வேலை கொடு, சாப்பாடும் கூலியும் கொடு, நோய் வந்தால் பார், வீட்டில் விசேஷமான சாப்பாடு வந்தால் பங்கு கொடு, வேளைக்கு லீவு கொடு. இவ்வளவு பழைய காலத்தில் மருத்துவமும் லீவும் வேலைகொடுப்பவரின் கடமையாக எண்ணப்பட்டிருக்கின்றன. செனெகாவும் 47ஆவது கடிதத்தில் அடிமைகளும் மனிதர்தான், அவர்களோடு சேர்ந்து சாப்பிடு என்று எழுதினார், அடிமை முறையையே கேள்வி கேட்கும் இடத்துக்குப் போகவில்லை. குறளில் வீட்டு வேலையாளுக்கென்று ஓர் அதிகாரம் இல்லை. அந்த வகையில் கொழும்பு நடுத்தர வர்க்கத் தமிழ் வீட்டுக்கு மிகவும் தேவையான பக்கம் இந்தச் சூத்திரத்தில்தான் இருக்கிறது.

நம் கையில் இல்லாதபோது

விசா மறுப்பு, பரீட்சை முடிவு, வைத்தியரின் அறிக்கை. இந்த வகைக்கு எபிக்டீட்டஸ் முதல் மருந்து. அவர் சொல்லித்தரும் ஒரு வழி எளிமையானது. பொதுக் குளிப்பகத்துக்குப் போகுமுன், அங்கே தண்ணீர் தெறிப்பவர்கள், இடிப்பவர்கள், திருடுபவர்கள் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள், பிறகு போ, "நான் குளிக்கவும் வந்தேன், என் மனத்தை நிலையில் வைக்கவும் வந்தேன்" என்று சொல்லிக்கொள். பத்தரமுல்லைக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போகும் நாளில் இதைச் செய்து பார்க்கலாம். வரிசை நீளும், ஒரு படிவம் குறையும், மத்தியானம் ஆகும் என்று வீட்டிலேயே மனத்தில் ஓட்டிவிட்டுப் போனால் பாதிக் கோபம் வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

இந்தச் சிந்தனையைக் கடன் வாங்க ரோமுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாடல் நன்றும் தீதும் பிறர்தர வாரா என்கிறது, நீர்வழிப் போகும் மிதவை போல உயிர் முறைவழிப் போகும் என்கிறது, அதனால் பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்று முடிக்கிறது. யாதும் ஊரே என்ற முதல் வரியோடு நாம் நிறுத்திவிடுகிறோம். மீதியைப் படித்தால் மார்க்கஸ் ஒரேலியஸ் இந்த மனிதரோடு உட்கார்ந்து பேசியிருப்பார் என்று தோன்றும்.

ஆனால் ஸ்டோயிக் வழி எனக்கு நின்றுபோகும் ஓர் இடம் உண்டு. கைந்நூலில் எபிக்டீட்டஸ் சொல்கிறார்: எதையும் "இழந்தேன்" என்று சொல்லாதே, "திருப்பிக் கொடுத்தேன்" என்று சொல். பிள்ளை இறந்ததா? திருப்பிக் கொடுக்கப்பட்டது. தன் துயரத்தை ஒருவர் தானே இப்படிப் பார்ப்பது அவருடைய உரிமை, சிலருக்கு அது தாங்கும் பலம் தரும். அதை நாம் வேறொருவரிடம் எடுத்துச் சொல்ல முடியாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை வைத்துக்கொண்டு 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரம் உட்கார்ந்த தாய்மாருக்கு, பிள்ளை திருப்பிக் கொடுக்கப்பட்டதா, எடுக்கப்பட்டதா, எங்கே என்பதே தெரியாது. அங்கே மன அமைதி கேட்பது அநியாயத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

பௌத்த மரபில் கிசா கோதமியின் கதை வேறு வழியில் போகிறது. இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்தவளைப் புத்தர், சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று அனுப்புகிறார். அவள் வீடு வீடாகப் போகிறாள். எல்லா வீட்டிலும் யாரோ இறந்திருக்கிறார்கள். அறிவுரையைவிட அவளை மற்றவர்களின் வாசலுக்கு அனுப்பியதுதான் அங்கே மருந்து. துயரத்தில் தனியாக இருக்காதே என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

வள்ளுவரோ தாங்கிக்கொள்வதோடு நிற்கவில்லை. கொடுங்கோன்மை அதிகாரத்தில் இப்படிச் சொல்கிறார்:

அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண் ணீரன்றே
செல்வத்தைத் தேய்க்கும் படை.

தாங்க முடியாமல் அழுத கண்ணீர்தான் ஆட்சியாளரின் செல்வத்தை அரித்துத் தின்னும் ஆயுதம். அழுகிறவரிடம் அவர் மனத்தை அடக்கச் சொல்லவில்லை. அழ வைத்தவரின் பக்கம் திரும்பிப் பேசுகிறார். பௌத்த நூல்களிலும் இது இல்லாமல் இல்லை. தீகநிகாயத்தின் 26ஆவது சூத்திரம், வறியவருக்குப் பொருள் கொடுக்காத அரசனால் வறுமை வளர்ந்து, வறுமையால் களவும், களவால் கொலையும் வளர்ந்ததை வரிசையாகச் சொல்கிறது. ஆனால் ஒரே நூலில், வீட்டையும் மனத்தையும் ஆட்சியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது குறள்தான். எபிக்கூரஸின் ஒதுங்கி இரு என்ற அறிவுரை எனக்கு ஒத்துவராததும் இதனால்தான். 2022இல் ஆட்சியை எதிர்த்துக் காலிமுகத்திடலில் நின்றவர்களின் துன்பத்துக்குக் காரணம் அவர்களின் ஆசை மட்டும் இல்லை.

விதியைப் பற்றி வள்ளுவர் இரண்டு விதமாகப் பேசுகிறார் என்று குறை சொல்வார்கள். ஊழ் அதிகாரத்தில், ஊழைவிட வலியது எது, வேறொன்றை எண்ணினாலும் அதுதான் முந்தி நிற்கும் என்கிறார். ஆள்வினையுடைமையில், தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காட்டச் செய்வர் என்கிறார். எனக்கு இது முரணாகத் தெரிவதில்லை. ஊழ் அதிகாரம் தோற்றுப்போன பிறகு படிப்பதற்கு, ஆள்வினையுடைமை தொடங்குமுன் படிப்பதற்கு. எபிக்டீட்டஸ் ஒரே கோட்டைக் கிழித்து இந்தப் பக்கம் உன்னுடையது, அந்தப் பக்கம் இல்லை என்கிறார். வாழ்க்கையில் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று முயன்று பார்த்த பிறகுதான் தெரிகிறது.

எப்படிப் படிப்பது

குறளின் பெரிய குறை, அதை மனப்பாடம் செய்ய நாம் பழகிவிட்டோம், நாளாந்தம் பயன்படுத்தும் முறை ஒன்றும் அதில் இல்லை. ஸ்டோயிக்குகளிடம் அது இருக்கிறது. மார்க்கஸ் ஒரேலியஸ் காலையில், இன்று தலையிடுபவர், நன்றியில்லாதவர், திமிர் பிடித்தவர் எதிர்ப்படுவார் என்று தனக்குச் சொல்லிக்கொள்கிறார். செனெகா இரவு விளக்கை அணைத்த பிறகு, அவர் வழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்று செய்ததையும் பேசியதையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கிறார். எதையும் தன்னிடம் மறைப்பதில்லை, இனி அப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னிக்கிறேன் என்று தன்னிடம் சொல்கிறார். இந்த இரண்டு வழக்கத்தையும் எடுத்துக் குறளோடு சேர்த்துவிடலாம். காலையில் ஒரு குறள், இரவு அதே குறளை வைத்து அன்றைய நாளைத் திரும்பப் பார்ப்பது. வாரத்துக்கு ஓர் அதிகாரம் போதும்.

முதல் அதிகாரத்திலிருந்து தொடங்காதீர்கள். இடுக்கண் அழியாமை, இனியவை கூறல், வெகுளாமை, வலியறிதல், ஒப்புரவறிதல் என்று தேவைப்படுகிற இடத்திலிருந்து எடுங்கள். உரைக்கு மு.வரதராசனின் தெளிவுரை எளிது. பழகிய பிறகு பரிமேலழகரிடம் போகலாம். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. 1942இல் தொடங்கிய சங்கம், குறளுக்கு உரைகள் தேடுகிறவர் முதலில் போக வேண்டிய இடம்.

உங்கள் நிலை வேறாக இருந்தால் என் தேர்வும் மாறும். பதற்றம்தான் பெரிய தொல்லை, பரீட்சையோ விசா முடிவோ தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால், குறளை ஒரு மாதம் தள்ளிவைத்து எபிக்டீட்டஸின் கைந்நூலை முதலில் படியுங்கள். ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட சிறு பகுதிகள்தான், பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் தீகஜாணு சூத்திரமும் சிகாலோவாதமும். இரண்டையும் ஒரே இரவில் படித்து முடிக்கலாம், பிறகு ஒரு கொப்பியை எடுத்து உள்ளே வரும் வாய்க்கால், வெளியே போகும் வாய்க்கால் என்று இரண்டு பக்கமாக எழுதுங்கள். வருமானம் நன்றாக இருந்தும் நிறைவு இல்லை என்பவர் எபிக்கூரஸ் மெனோசியஸுக்கு எழுதிய கடிதத்தைப் பார்க்கட்டும், சில பக்கங்களே. அண்மையில் யாரையாவது பறிகொடுத்தவர் எந்த நூலையும் உடனே எடுக்க வேண்டியதில்லை. அவருக்கு முதலில் ஆட்கள் வேண்டும். அவர் வீட்டுக்கு நாம் போக வேண்டும், போகும்போது தத்துவம் எதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், சாப்பாடு எடுத்துக்கொண்டு போகலாம்.